ஏறிய நட்டும் ஏறாத நட்டும்

பழைய கார் ஒன்றின் சக்கரத்தைக் கழற்றி வேறு மாடல் கார் ஒன்றுக்கு மாட்டலாமா? இலக்கியமும் மொழியும் பேசப்படும் நம் மலரில் இப்படியும் ஒரு கேள்வியா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் என் குடும்பமே நடுச்சாலையில் நின்றது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

என் ஊர் வேலந்தாவளம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழகம். அந்தப் பக்கம் கேரளம். கடைத்தெருவில் நின்று காது கொடுத்தால் இரு பக்கமும் தமிழே ஒலிக்கும். என் தாத்தா கிணத்துக்கடவுப் பக்கமிருந்து தோட்ட வேலை தேடிப் போனவர். குடும்பம் அங்கேயே வேர்விட்டது. நான் படிப்பின் பொருட்டு இன்னும் தொலைவு வந்துவிட்டேன்.

என் மாமாவிடம் ஒரு பழைய மாருதி ஜிப்சி உண்டு. தோட்டத்துத் தக்காளியைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டி அதுதான். சென்ற ஆண்டு அதன் சக்கர டிஸ்க்குகள் நான்கும் துருவேறி ஓரம் உதிர்ந்தன. கோவையில் ஒரு காயலான் கடையில் பழைய ஜீப்பின் நான்கு டிஸ்க்குகள் டயரோடு மலிவாகக் கிடைத்தன. ஜிப்சிக்கு 15 அங்குலம். ஜீப்புக்கு 16 அங்குலம். வண்டி சற்று உயரும். மழைக்காலத்துக் கரிசல் சேற்றில் அடி தட்டாது. மாமாவுக்கு மகிழ்ச்சி. நானும் விடுமுறைக்குப் போயிருந்தேன்.

பட்டறையில் மாட்டிப் பார்த்தார்கள். ஐந்து துளை, ஐந்து போல்ட். கச்சிதமாக உட்கார்ந்தது. அதில் வியப்பில்லை. ஜிப்சியிலும் வில்லிஸ் வழி வந்த ஜீப்பிலும் போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் ஒன்றே: 139.7 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குலம். சிக்கல் நட்டில்தான் வந்தது. ஜிப்சியின் பழைய நட்டுகளில் பாதி முனை மழுங்கிப் போயிருந்தன. டிஸ்க்கோடு வந்த சாக்குப்பையில் ஜீப் நட்டுகள் இருபது கிடந்தன. அவற்றில் பத்து எப்படித் திருகியும் ஏறவில்லை. பத்து விரலாலேயே வழுக்கிக்கொண்டு ஏறின. ஏறாததை எறிந்துவிட்டு, ஏறிய பத்தையும் பின்சக்கரம் இரண்டுக்கும் போட்டார்கள். மழுங்காத ஜிப்சி நட்டுகள் முன்சக்கரங்களுக்குப் போயின.

"அளந்து பார்க்க வேண்டாமாண்ணே?" என்று கேட்டேன்.

"ஏறிருச்சில்ல தம்பி, இன்னும் என்ன அளவு?" என்றார் மெக்கானிக் அண்ணன்.

நானும் வாயை மூடிக்கொண்டேன். இயற்பியலில் முதுகலை படிக்கும் நான்!

நான்காம் நாள் காலை, தக்காளிப் பெட்டிகளோடு கோவைக்குக் கிளம்பினோம். பின்னால் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். சாவடியை நெருங்கும் முன்பே வண்டியின் பின்பக்கம் ஆட்டம் காட்டியது. மாமா பதறாமல் ஓரங்கட்டினார். இறங்கிப் பார்த்தால், இடப்பக்கப் பின்சக்கரத்தில் ஐந்து நட்டுகளில் மூன்றைக் காணோம். நான்காவது என் விரலோடு வந்துவிட்டது. இன்னும் அரைக் கிலோமீட்டர் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? தங்கையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்றிரவு வெர்னியர் கேலிப்பரை எடுத்து அளந்தேன். ஜிப்சியின் போல்ட் 12 மில்லிமீட்டர். மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர். ஜீப்பின் நட்டு அரை அங்குலப் போல்ட்டுக்கு, அதாவது 12.7 மில்லிமீட்டருக்குச் செய்தது. அங்குலத்துக்கு 20 மரை, அதாவது மரைக்கு மரை 1.27 மில்லிமீட்டர். இடைவெளியில் வேற்றுமை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு! அதனால்தான் நட்டு இடறாமல் ஏறியது. ஆனால் விட்டத்தில் 0.7 மில்லிமீட்டர் தளர்வு. மரையும் மரையும் கவ்விய ஆழம் முறையாக இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

வண்டியின் பாரத்தைப் போல்ட்டுகள் தோளில் சுமப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நட்டு இறுகும்போது போல்ட் இழுபட்டு, டிஸ்க்கை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வே பாரத்தைத் தாங்குகிறது. பிடி தளர்ந்தால் உராய்வு போயிற்று. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் அடி வாங்கும்; நட்டு கழலும்.

ஏறாத பத்து நட்டுகளின் கதை என்ன? வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி மரை. ஓடும்போது நட்டு தானே கழலாதிருக்க அப்படி அமைத்தார்கள். அந்தப் பத்தும் முடியாது என்று வெளிப்படையாக மறுத்தன. இசைந்துகொடுத்த பத்துதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தன.

நான் சொல்ல வந்தது இதுதான்: மாட்ட முடிகிறது என்பது பொருந்துகிறது என்பதற்குச் சான்றாகாது. முற்றிலும் பொருந்தாதது நம்மை ஒன்றும் செய்யாது. அது மாட்டவே மாட்டாது. மாருதி 800-இன் போல்ட் வட்டம் 114.3, சான்ட்ரோவின் வட்டம் 100. இரண்டுக்கும் நான்கு துளைதான் என்றாலும் ஒன்று மற்றொன்றில் ஏறாது, ஆபத்தும் இல்லை. ஏறத்தாழப் பொருந்துவதே ஆபத்து. பழைய ஹோண்டா சிட்டியின் சக்கரத்தை ஸ்விஃப்டில் போட ஆசைப்படுவோர் உண்டு. இரண்டுக்கும் நான்கு துளை, வட்டம் 100. ஆனால் நடுத்துளை சிட்டியில் 56.1, ஸ்விஃப்டில் 54.1. மரை அங்கே 1.5, இங்கே 1.25. ஹோண்டாவின் சொந்த டிஸ்க்கில் நட்டு அமரும் குழி உருண்டை வடிவம். ஸ்விஃப்டின் நட்டு கூம்பு முனை. உருண்டைக் குழியில் கூம்பு அமர்ந்தால் மெல்லிய வளையம் ஒன்றுதான் தொடும்.

அப்படியானால் மாற்றவே கூடாதா? "கம்பெனிப் பொருளைத் தவிர எதையும் தொடாதே" என்பார் உளர். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. மாருதி 800-உம் அதே ஆண்டில் நின்றது. இவற்றை வைத்துப் பிழைப்பவன் புது வண்டிக்கு எங்கே போவான்? பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவது குற்றமன்று, சிக்கனம். அளக்காமல் பயன்படுத்துவதுதான் குற்றம்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததினின்று மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. மனம்போன போக்கில் வண்டியை உருமாற்றுவோரைத் தடுக்கச் சட்டம் வேண்டியதே. ஆனால் சாலையில் நிறுத்தும் அதிகாரி நட்டின் மரையைக் கழற்றியா பார்ப்பார்? அபராதத்துக்கு அஞ்சுகிறவன் வேலையை மறைவில் செய்வான். அச்சம் அளக்கக் கற்றுத் தராது. கற்றுத் தர வேண்டியவர்கள் படித்தவர்கள், அதாவது நாம்.

அளக்க வேண்டியவை ஐந்தே. முதலாவது, போல்ட் வட்டம். நான்கு துளையானால் எதிரெதிர்த் துளைகளின் நடுவை அளந்தால் போதும். ஐந்தானால் அடுத்தடுத்த இரு துளைகளின் நடுவை அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். இரண்டாவது, நடுத்துளை. மூன்றாவது, டிஸ்க் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு நிற்கிறது என்பது. வெளியே தள்ளினால் பேரிங் தேயும். உள்ளே போனால் டயர் உரசும். நான்காவது, போல்ட்டின் விட்டம், மரை, நட்டு அமரும் குழி. ஐந்தாவது, டயரோடு சேர்ந்த முழு உயரம். உயரம் நூற்றுக்கு ஆறு கூடினால், ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 64-இல் ஓடும்.

இவை அரிய கலைகள் அல்ல. ஆனால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் நான் பார்த்த வரையில் இவற்றைத் தமிழில் எழுதிய தாள் ஒன்றுகூடச் சுவரில் இல்லை. கையேடுகள் ஆங்கிலத்தில். மெக்கானிக் அண்ணனைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அளக்கத் தெரிந்த நானோ பக்கத்தில் நின்றும் பேசாதிருந்தேன். அவரைவிட நானே பெரிய குற்றவாளி.

அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று நாம் மேடையில் வாதிடுகிறோம். முடியும் என்று கைதட்டலும் வாங்குகிறோம். அந்தத் தமிழ் பட்டறை வாசலை எட்டாவிட்டால் கைதட்டலால் என்ன பயன்? நம் மன்றத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பழைய வண்டிகளின் சக்கர அளவுகளைச் சரிபார்த்து, ஒரே தாளில், நல்ல தமிழில் அச்சிடுவோம். பொறியியல் நண்பர்கள் அளவுகளைச் சேர்க்கட்டும். தமிழ் நண்பர்கள் மொழியைச் செப்பம் செய்யட்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் பத்துத் தாள் கொண்டுபோய்ப் பட்டறைகளில் ஒட்டி வருவோம்.

சிறியதென்று எதையும் தள்ளாதே என்று சொல்ல வந்த வள்ளுவர் தேரின் அச்சாணியைத்தான் காட்டினார். தேர் காராகிவிட்டது, ஆணி நட்டாகிவிட்டது. அறிவுரை மட்டும் மாறவில்லை. நண்பர்களே, அளந்து மாட்டுவோம், அளக்கக் கற்றுக்கொடுப்போம்!