கீழே வளரும் மரம்

மொன்றியல் தமிழ்க் கடைகளில் ஒடியல் மா கிடைக்கும், பனங்கட்டி கிடைக்கும். பனைமரத்தை மட்டும் இந்த நகரில் யாரும் மண்ணில் நட்டு வளர்த்துவிட முடியாது.

குளிர்தான் காரணம் என்பது பாதி விடை. சனவரியில் இங்கே சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழப் பத்துப் பாகை. உறைபனியை வடலி, அதாவது இளம்பனை, தாங்காது. ஆனால் குளிரைக் கண்ணாடிக் கூரையால் தடுக்கலாம். 1931இல் மரி விக்தொரன் என்ற துறவி உருவாக்கிய மொன்றியல் தாவரவியல் பூங்காவில், வெளியே வெண்பனி கொட்டும்போதே உள்ளே வெப்பமண்டலச் செடிகள் தழைக்கின்றன.

பனையின் சிக்கல் வேறு. அது முதலில் கீழே வளரும் மரம். பனங்கொட்டையின் முளை நேரே மண்ணுக்குள் இறங்கும். அங்கே கிழங்கு திரண்ட பிறகே குருத்தோலை மேலே எட்டிப் பார்க்கும். அடிமரம் வெளியே தெரியவே பல ஆண்டுகள் ஆகும். இப்படிப்பட்ட மரத்தைத் தொட்டியில் அடைப்பது கொடுமை. வெயிலும் போதாது: யாழ்ப்பாணத்தின் மிகக் குறுகிய பகல் பதினொன்றரை மணி நேரம், மொன்றியலில் மார்கழிப் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை.

மரம் வராவிட்டாலும் அதன் கிழங்கு வந்துவிட்டது. பச்சைக் கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஈரம் போனதால் மாதக்கணக்கில் கெடாது, கடலும் தாண்டும். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட ஈழத்தமிழர் 155 பேரில் பலர் இந்த நகருக்கு வந்தார்கள். அவர்களின் வீடுகளிலும் அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களின் வீடுகளிலும், ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பை வடித்து, மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, செத்தல் மிளகாய் சேர்த்துக் கூழ் காய்ச்சுகிறார்கள். மாரிக்கால இரவுக்கு அதைவிட நல்ல உணவு இல்லை.

யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் ஏராளமான பனைகள் தறிக்கப்பட்டன. அந்த இடங்களில் இன்று நடும் கொட்டை மரமாகிப் பூக்க 12 முதல் 20 ஆண்டுகள் ஆகலாம்.

கோடை விடுமுறையில் யாழ்ப்பாணம் போனால் ஆவணியில் பழுத்து விழும் பனம்பழங்களைப் பார்ப்பீர்கள். ஐப்பசி மழைக்கு முன் பத்துக் கொட்டைகளையாவது வேலியோரம் புதைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.