சேலஞ்ச் பாஸ்... கேஒய்சி ஃபெயில்! பிராப் டிரேடிங்கில் பணம் சிக்குவது எங்கே?

இரண்டு கட்டத் தேர்விலும் பாஸ் பண்ணியாச்சு. 'ஃபண்டட் அக்கவுன்ட்' கைக்கு வரும் நேரத்தில் ஒரு மெயில்: உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை. கட்டிய கட்டணம், தூக்கமில்லாத வாரங்கள், எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்குகிறது.

ஆன்லைன் பிராப் டிரேடிங் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு 'சேலஞ்ச்' வைக்கின்றன. பல இடங்களில் முதல் கட்டத்தில் 10% லாபம் காட்ட வேண்டும். ஒரே நாளில் 5% நஷ்டமானால் அவுட். ஜெயித்தவருக்கு லாபத்தில் பெரும் பங்கு கிடைக்கும்.

சரி, ஆதார், பாஸ்போர்ட்டை எல்லாம் முதலிலேயே கேட்டால் என்ன? காரணம் எளிது. சேலஞ்ச் கட்டத்தில் நடப்பது டெமோ வர்த்தகம்தான். பணம் கட்டுபவர்களில் பெரும்பாலானோர் தோற்றுவிடுவார்கள். ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் செலவு உண்டு என்பதால், ஜெயித்தவரை மட்டும் சோதித்தால் நிறுவனத்துக்கு மிச்சம். ரிஸ்க் மொத்தமும் வாடிக்கையாளர் தலையில்.

சோதனையே தேவையில்லை என்று சொல்ல முடியாது. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காகச் சேலஞ்ச் முடித்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே ஆள் பல பெயர்களில் அக்கவுன்ட் திறப்பதும் நடக்கிறது. அதனால்தான் லைவ் செல்ஃபி, முகவரிச் சான்று, ஐபி முகவரி என்று துருவுகிறார்கள். விபிஎன் போட்டு லாகின் செய்தவர்கள் மாட்டுவதும் இங்கேதான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி: இனிஷியல். உதாரணத்துக்கு, ஆதாரில் 'சரவணன் கே', பான் கார்டில் 'குமாரசாமி சரவணன்', பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டமே காலி. நம்ம ஊர் பேங்க் மேனேஜருக்கு இது மூன்றும் ஒரே ஆள்தான். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் மட்டுமே தெரிந்த வெளிநாட்டு சாஃப்ட்வேருக்கு மூன்று பேர். சைன்-அப் செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதினால் பாதிச் சிக்கல் குறையும். பணம் வரவேண்டிய வங்கிக் கணக்கின் பெயரும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அந்நியச் செலாவணி வர்த்தகத்தை அனுமதி பெற்ற அமைப்புகள் வழியாக, அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்காக மட்டுமே செய்யலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலையும் 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது. கட்டணம் கட்டும் முன் அதில் ஒரு முறை தேடிப் பார்க்கலாம்.

கேஒய்சி நிராகரிக்கப்பட்டால் சேலஞ்ச் கட்டணமாவது திரும்புமா? பல நிறுவனங்களில் அது முதல் லாபப் பங்கோடு சேர்த்துத்தான் வரும். முதல் பங்கே வராவிட்டால் அதுவும் போச்சு. செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் புகார் கொடுக்கலாம் என்றால், அது செபியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும்தான். பெரும்பாலும் மிஞ்சுவது அந்த நிறுவனத்தின் சப்போர்ட் சாட்தான்.