திருப்பி அனுப்பப்பட்ட தட்டு

தகப்பனின் உடல் வீட்டு முற்றத்தில் கிடத்தப்பட்டிருக்கிறது. மகள் தெருமுனையில் நிற்கிறாள். நீர்மாலைக்குப் போகவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. பாடை தூக்கும் நேரத்தில் முகம் பார்க்கவும் வரவில்லை. அண்ணன் வந்து கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. விக்கிரகச் சடங்கு நடக்கும் வாசலில் விசுவாசி கால் வைக்கக்கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

பெற்ற மகள் நிற்காத சாவு என்று ஊர் பேசுகிறது. ஊர் சரியாகத்தான் பேசுகிறது.

இது எங்கோ ஒரு தெருவில் என்றோ நடந்த அதிசயம் அல்ல. தெருவும் பெயரும் மாறும், கதை மாறாது. அவள் இதைத் தானாகச் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்தார்கள், செய்தாள். அவள் அழுதுகொண்டேதான் நின்றாள். சொல்லிக்கொடுத்தவர் அடுத்த ஞாயிறன்று அவளை மேடைக்கு அழைத்து அதையே சாட்சியாகச் சொல்ல வைத்தார். சபை கைதட்டியது. இந்தத் தலையங்கம் அவளுக்காக எழுதப்படவில்லை. அந்த மேடைக்காக எழுதப்படுகிறது.

தாயையும் தகப்பனையும் கனம்பண்ணச் சொல்லும் கட்டளை பத்தில் ஒன்று. பெற்றவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொண்டது யாரை? பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், கடவுளுக்கு நேர்ந்தாயிற்று, என்று சொல்லிக் கைவிரித்தவர்களை. அவர்களுக்கு அப்படிக் கைவிரிக்கக் கற்றுக்கொடுத்த வேத அறிஞர்களை. தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கடவுளின் பெயரால் நிறுத்துகிற போதகர் அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கட்டும். அவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது.

உடனே லூக்கா 9-ஐக் காட்டுவார்கள். தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனுக்கு இயேசு கொடுத்த மறுமொழியை நீட்டுவார்கள். அந்த மறுமொழியைக் கொடுத்தவர்தான் சிலுவையில் தொங்கிய நேரத்திலும் தம் தாயை ஒரு சீடனின் பொறுப்பில் விட்டார். அதைச் சொல்ல மாட்டார்கள்.

நாகமானையும் சொல்ல மாட்டார்கள். சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கி, இஸ்ரவேலின் கடவுளையே இனி வணங்குவேன் என்கிறான். கூடவே ஒரு தயக்கத்தையும் சொல்கிறான். தன் ராஜா ரிம்மோன் கோயிலுக்குள் போவார். தன் கைமேல் சாய்ந்துகொள்வார். தானும் குனிய வேண்டிவரும். இதற்கு மன்னிப்பு உண்டா? எலிசா அவனைத் திட்டவில்லை. வேலையை விடச் சொல்லவில்லை. நிம்மதியாகப் போகச் சொன்னார். எலிசாவுக்குத் தோன்றாத கண்டிப்பு நம் போதகர்களுக்கு எங்கிருந்து வந்தது?

சாவு வீட்டில் முற்றியது பண்டிகை நாளில் தொடங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு நாம் கேக்கும் பிரியாணியும் கொடுத்தனுப்புகிறோம். பக்கத்து வீட்டார் வாங்கிக்கொள்கிறார்கள். எந்த ஜெபத்துக்குப் பிறகு வெட்டிய கேக் என்று கேட்பதில்லை. சரஸ்வதி பூஜைக்கு அவர்கள் சுண்டல் கொண்டுவருகிறார்கள். நாம் வாசலிலேயே மறுக்கிறோம். அல்லது சிரித்து வாங்கி, கதவைச் சாத்திவிட்டு, குப்பையில் கொட்டுகிறோம். இரண்டாவது இன்னும் கேவலம். அண்டை வீட்டாரின் தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று இரண்டு கரண்டி சர்க்கரையாவது போட்டுக் கொடுத்த ஊர் இது. அதே ஊரில் தட்டு நிரம்பியபடி திரும்பிப் போகிறது.

பவுல் இதற்கு நேரடியாகவே பதில் எழுதிவைத்திருக்கிறார். விசுவாசியல்லாதவர் விருந்துக்கு அழைத்தால் போகலாம், வைத்ததைச் சாப்பிடலாம், துருவிக் கேட்க வேண்டாம் என்பது 1 கொரிந்தியர் 10. இது படையல் என்று ஒருவர் சுட்டிச் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விலகிக்கொள்ளச் சொல்கிறார். விலகச் சொன்னாரே தவிர, கொடுத்தவரின் முகத்தில் அடிக்கச் சொல்லவில்லை. நம் பிரசங்கிகள் அந்த அதிகாரத்தில் பேய்கள் வரும் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஏழு வசனம் தள்ளிப் படிக்க அவர்களுக்கு நேரமில்லை. அந்நிய நுகம் என்ற சொல்லையும் இப்படித்தான் பக்கத்து வீட்டுக் காபி வரைக்கும் இழுத்துவிட்டார்கள்.

அஞ்ஞானி. புறஜாதி. பிசாசின் பிடியில் இருப்பவர். ஞாயிறு பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளை இந்தச் சொற்களைக் கற்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சில் விபூதி பூசி உட்கார்ந்திருக்கும் சிநேகிதனைப் பார்க்கிறது. அந்தப் பிள்ளையின் மனத்தில் என்ன ஓடும் என்று பாடம் எழுதியவர் யோசித்தாரா? திருத்தியவர் யோசித்தாரா? 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் புறஜாதி என்பதற்குப் பதில் பிற இனத்தார் என்று எழுதுகிறது. நம் பிரசங்க மேடை இன்னும் 19-ஆம் நூற்றாண்டில் நிற்கிறது.

இந்த நோய் பழையது. 1713-இல் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் தமிழில் முதன்முதலாக அச்சானவற்றில் ஒன்று, அக்கியானம் என்ற தலைப்புள்ள சிறு நூல். இந்நாட்டு வழிபாட்டைச் சாடும் நூல். அதை எழுதிய மிஷனரி சீகன்பால்கு அதே ஆண்டு இன்னொரு நூலும் எழுதி முடித்தார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி, தமிழரிடமே கேட்டும் அவர்கள் ஏடுகளைப் படித்தும் எழுதியது. அதை ஜெர்மனியிலிருந்த அவருடைய மேலிடம் அச்சிட மறுத்தது. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டாம் என்பது மேலிடத்திலிருந்த ஃபிராங்கேயின் முடிவு. அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. ஏசிய நூல் உடனே வெளிவந்தது. தெரிந்துகொண்டு எழுதிய நூல் 154 ஆண்டுகள் காத்துக்கிடந்தது. மேலிடங்கள் மாறிவிட்டன என்று நம்ப ஆசைதான்.

வேறு விதமாக வாழ்ந்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். திருவாவடுதுறை ஆதீனத்தோடு நட்புக் கொண்டவர். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் குளத்தூர்க் கோவை பாடினார். அந்த நட்பால் வேதநாயகம் பிள்ளையின் விசுவாசத்தில் ஒரு நூல் இழைகூடப் பிரியவில்லை. இன்று அவர் நம் சபை ஒன்றில் இருந்திருந்தால் மடத்துக்குப் போனதற்காக ஜெபக்குழுவில் அவர் பெயரைச் சொல்லிக் கண்ணீர் விட்டிருப்பார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. மற்றவர்களோடுதான் பேருந்தில் ஏறுகிறோம். அவர்கள் ரத்தம் கொடுத்துத்தான் நம் அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. கல்லறைக்கு இடம் மறுக்கப்பட்டால், சாவிலுமா மதம் பார்ப்பது என்று கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். நியாயமான மனு. அதே கேள்வியைத் தெருமுனையில் நின்ற அந்த மகள் சார்பில் நம் போதகரிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அன்பு காட்டும்போதும் நம்மவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் கையில் துண்டுப்பிரதி. திரும்பியதும் எத்தனை ஆத்துமா என்று எண்ணிக்கை. ஆறு மாதம் பழகியும் சபைக்கு வராத அண்டை வீட்டார் திடீரென்று அந்நியராகிவிடுகிறார். அவருக்கு அது புரியாது என்று நினைக்க வேண்டாம்.

யார் பொறுப்பு? தனிச்சபைப் பாஸ்டர்களை மட்டும் சுட்டிவிட்டுப் பேராயர்கள் ஒதுங்க முடியாது. தென்னிந்தியத் திருச்சபைக்கு மேடை கொடுக்கும் அதிகாரம் உண்டு. மறுக்கும் அதிகாரமும் உண்டு. கன்வென்ஷன் பந்தலுக்கு இந்தப் பிரசங்கிகளை அழைப்பது யார்? காணிக்கை சேரும் என்று அழைப்பது யார்? செராம்பூர்ப் பாடத்திட்டத்தில் பிற சமயங்கள் ஒரு பாடம். ஆயர்கள் படித்துத் தேறித்தான் வருகிறார்கள். அங்கி போட்டதும் மறந்துவிடுகிறார்கள். மறக்காதவர்கள் வாயைத் திறப்பதில்லை.

தனிச்சபைகளில் பாஸ்டர் யாருக்கும் பதில் சொல்வதில்லை. அவர்கள் சேர்ந்து நடத்தும் போதகர் ஐக்கியங்கள் பந்தல் அனுமதிக்கும் ஒலிபெருக்கி அனுமதிக்கும் மட்டும் கூடுகின்றன. இதற்காகவும் கூடட்டும். மகளைத் தகப்பன் சாவுக்குப் போகவிடாதவரை ஐக்கியத்தில் வைத்துக்கொள்வதா என்று வாக்கெடுக்கட்டும்.

திருமண்டலங்கள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர் சாவில் விசுவாசி கலந்துகொள்வதை எந்த ஊழியரும் தடுக்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஞாயிறு பள்ளிப் புத்தகங்களிலிருந்து அந்த மூன்று சொற்களும் நீங்க வேண்டும். பிற சமயத்தவரைப் பேய் என்று பேசிய பிரசங்கிக்கு மறுபடி மேடை தரக்கூடாது. சுற்றறிக்கை வரும் பொங்கலுக்கு முன் எல்லாச் சேகரங்களிலும் ஆராதனையில் வாசிக்கப்பட வேண்டும். வாசிக்காத சேகரங்களின் பட்டியலைப் பேராயர் தாமே கேட்டு வாங்க வேண்டும்.