அனெக்ஸ் 2 வாசித்தீர்களா?

கடை கைமாறும்போது குத்தகைப் பத்திரத்தைச் சட்டத்தரணி பார்க்கிறார். சரக்கை ஒன்றுவிடாமல் எண்ணுகிறோம். மதுபான உரிமத்தை மட்டும் "லைசன்ஸ் இருக்குத்தானே" என்ற ஒரு கேள்வியோடு விட்டுவிடுகிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓஃப் லைசன்ஸ் கடையும் உணவகமும் நடத்தும் நம்மவர்கள் பலர் வழுக்குவது இங்கேதான்.

23 பவுண் கட்டி உரிமத்தை உங்கள் பெயருக்கு மாற்றும்போது, முன்னையவர் கொடுத்த வாக்குறுதிகளும் உங்கள் தலையில் விழுகின்றன. 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது முதல் உரிமம் வழங்குவது நீதவான்கள் அல்ல, கவுன்சில். கடையை எப்படி நடத்துவேன் என்று புதிய உரிமம் கேட்கும் விண்ணப்பதாரர் ஒப்பரேட்டிங் ஷெடியூலில் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிர்நீல அறிவித்தலை வாசலில் ஒட்டி 28 நாள் காத்திருக்க வேண்டும். பொலிஸோ அயலவரோ ஆட்சேபித்து இணக்கம் எட்டாவிட்டால் கவுன்சிலர்கள் விசாரிப்பார்கள். ஆட்சேபம் இல்லையேல் உரிமம் கிடைத்துவிடும். ஆனால் எழுதிக் கொடுத்தவை உரிமத்தின் அனெக்ஸ் 2இல் நிபந்தனைகளாக ஏறிவிடும்.

ஆட்சேபம் வரக்கூடாதென்று தேவைக்கு மேல் எழுதிக் கொடுக்கும் ஆலோசகர்கள் உண்டு. கமராப் பதிவை 31 நாள் வைத்திருப்போம், விற்க மறுத்ததையெல்லாம் பதிவேட்டில் எழுதுவோம், தனிநபர் உரிமம் உள்ள ஒருவர் எந்நேரமும் கடையில் நிற்பார். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. தனிநபர் உரிமம் உள்ளவர் அதிகாரமளித்தால் மற்றவர் விற்கலாம். எழுதிக் கொடுத்த பிறகோ, உரிமம் வைத்திருக்கும் மனைவி பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போன அரைமணி நேரத்தில் விற்ற ஒரு போத்தல் வைனும் நிபந்தனை மீறல்தான். தெரிந்து செய்தால் ஆறு மாதச் சிறை, எல்லையற்ற அபராதம் வரை போகலாம்.

சோதனைக்கு வரும் அதிகாரி கமராவைத்தான் முதலில் பார்க்கக்கூடும். அதில் நேரம் ஒரு மணித்தியாலம் பிந்தி நிற்கிறது. மார்ச்சில் யாரும் மாற்றவில்லை. மறுப்புப் பதிவேட்டின் கடைசி வரி நாலு மாதம் பழையது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த எவருக்கும் விற்காத நேர்மையான கடைக்காரர்கூட இப்படித்தான் கவுன்சிலின் உரிம மீளாய்வுக்கு இழுக்கப்படுகிறார்.

உணவகங்களில் "மேசையில் இருந்து சாப்பிடுபவருக்கு மட்டும் மது" என்ற நிபந்தனை பரவலாக உண்டு. பிறந்தநாள் விருந்துக்கு இடம் கொடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

நடைமுறைக்கு ஒவ்வாத நிபந்தனையை மீறிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. குற்றத் தடுப்பு, சிறுவர் பாதுகாப்பு போன்ற உரிம நோக்கங்களுக்குப் பாதிப்பில்லாத சிறு மாற்றத்துக்குக் கட்டணம் 89 பவுண்; கவுன்சில் 15 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மது விற்கும் நேரத்தைக் கூட்ட இந்த வழி உதவாது. விண்ணப்பிக்கும் முன் உரிம அதிகாரியோடும் பொலிஸோடும் பேசுங்கள்.

உரிமமோ அதன் உறுதிப்படுத்திய பிரதியோ கடையிலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த வாரமே அதை எடுத்து, கவுண்டரில் நிற்பவரையும் பக்கத்தில் வைத்து, அனெக்ஸ் 2ஐயும், விசாரணைக்குப் பின் கவுன்சில் சேர்த்த நிபந்தனைகள் உள்ள அனெக்ஸ் 3ஐயும் வரிவரியாக வாசியுங்கள்.