எல்லாக் கடலுக்கும் ஒரே படகா?

மணப்பாட்டுக் கடற்கரையில் ஒரு மாலை நேரம். என்னோடு வந்த நண்பர் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், படித்தவர், நாலு பேருக்கு உபகாரம் செய்கிறவர். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கோபித்துக் கொள்வார் என்பதற்காக அல்ல. அவரைப் போல் நம்மில் ஆயிரம் பேர் இருக்கிறோம். ஒருவர் தலையில் மட்டும் மூட்டையை ஏற்றுவது நியாயமாகாது.

அவருடைய மகன் கனடாவில், மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறான். குளிர்காலத்தில் ஆள் அரவமற்ற பனிமலைகளில் ஏறிச் சறுக்கி இறங்குவது அவனுக்குப் பொழுதுபோக்கு. நண்பர் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். நீளமான ஒரு பலகை.

"சார், இதைப் பாருங்கள். நீளவாட்டில் இரண்டாகப் பிரிந்துவிடும். பிரித்தால் காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை. அடியில் ரோமத்தோல் மாதிரி ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு மலை ஏறலாம், பின்னால் வழுக்காது. உச்சிக்குப் போனதும் இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் ஒரே பலகை. அதன்மேல் நின்று பொடிப்பனியில் மிதந்துகொண்டே இறங்கலாம். என்ன மூளை பாருங்கள் அந்த ஊர்க்காரனுக்கு!"

மூளைதான், சந்தேகமில்லை. 1990-களில் அமெரிக்காவின் யூட்டா மலைப்பக்கத்தில் இந்தப் பிரியும் பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதை வாங்க நண்பரின் மகன் மூன்று மாதம் தேடினானாம். புதுப்பனியில் புதையாமல் மிதக்க வேண்டுமானால் முன்மூக்கு அகன்று மேலே வளைந்திருக்க வேண்டும். ஆனால் இறுகிய பனியில் அந்த மூக்கு பிடிமானம் தராது. அங்கே பலகையின் ஓரம் முழுக்கப் பனியைக் கவ்வ வேண்டும். கனம் குறைந்தால் ஏறுவதற்குச் சுகம், இறங்கும்போது உதறும். விறைப்பாக இருந்தால் வேகத்துக்கு நல்லது; மரங்களுக்கிடையே வளைந்து திரும்ப ஆகாது. எல்லாவற்றுக்கும் ஏற்ற ஒரே பலகை வேண்டும் என்று புறப்பட்டவன், வாடகைக்கு எடுத்து நாலு மலைகளில் சோதித்துப் பார்த்து, அப்படி ஒன்று கிடையாது, தான் ஏறும் மலைக்கு ஏற்றதுதான் உண்டு என்று முடிவுக்கு வந்தானாம். சமர்த்துப் பிள்ளை.

இவ்வளவையும் பூரிப்போடு சொல்லி முடித்த நண்பர், கரையில் நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பெரியவரும் அவர் பேரனும் அப்போதுதான் கரையேறின கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மணலில் காயப் போட்டுக் கொண்டிருந்தார்கள்.

"இன்னுமா சார் இந்தக் கட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? எல்லோருக்கும் ஒரே மாதிரி நல்ல படகாக வாங்கிக் கொடுத்து இதற்கு ஒரு முழுக்குப் போட வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுக்கத் தணியாததால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பலகை இரண்டாகப் பிரிந்தால் அது மூளை. ஐந்து மரம் ஐந்தாகப் பிரிந்தால் அது மூடத்தனம்! இது எந்த ஊர் நியாயம்?

கட்டுமரம் என்றால் என்னவென்று நம் படித்த வர்க்கத்துக்குத் தெரியாது. 1697-இல் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி தன் பயணப் புத்தகத்தில் எழுதி வைத்த பிறகு அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் போய், இன்று இரட்டை உடல் கொண்ட உல்லாசக் கப்பலுக்குப் பெயராகி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கப்பலுக்கும் நம் மரத்துக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு பொருத்தம் கிடையாது.

தணக்கு, முருக்கு போன்ற இலேசான மரம். பின்னாளில் கேரளத்திலிருந்து வந்த அல்பீசியா. அவற்றைச் செதுக்கி, முனையைச் சற்றே மேல்நோக்கி எழுப்பி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்குகிறார்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்ற கேள்வியே அதற்கு இல்லை. உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே புகுவதற்கு? அலை மேலே ஏறும், மரத்தின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். ஊறின மரம் கனக்கும். ஆகவே கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காய வைக்கிறார்கள். பிரித்தால் தோளில் ஏறும், சேர்த்தால் கடலில் ஏறும். ஒரு மரம் உளுத்தால் அந்த ஒரு மரத்தை மாற்றினால் போதும். தொழிலுக்குத் தக்கபடி சிறிதாகவும் கட்டலாம், பெரிதாகவும் கட்டலாம். சோழமண்டலக் கரையில் கோலா மீனுக்காகக் கூடுதல் மரம் சேர்த்துக் கட்டுவதற்குக் கோலாமரம் என்றே தனிப் பெயர் உண்டு. நண்பரின் மகன் பலகையில் தேடிய குணங்கள் அத்தனையும் இதில் இருக்கின்றன. விலைச்சீட்டு ஒட்டவில்லை, அதுதான் குறை.

உடனே ஒரு கூட்டம் எனக்குக் கைதட்டும். "பாருங்கள், நம் முன்னோர் விஞ்ஞானம்!" என்று மார்தட்டும். தயவு செய்து அந்தக் கனவான்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. மார்கழிப் பனியில் இடுப்புவரை நனைந்தபடி விடிய விடிய மரத்தின் மேல் மண்டியிட்டு வலை இழுத்தவனிடம் போய், "இது நமது பண்பாட்டுச் சின்னம், விட்டுவிடாதே" என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? நாம் அதைக் காலண்டரில் பார்த்தவர்கள். இன்று இந்தக் கரைகளில் வரிசையாகக் கிடப்பவை ஃபைபர் படகுகள். கட்டுமரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். இளைஞர்கள் தாங்களாகவே அதை விட்டு இறங்கினார்கள். இயந்திரம் வைத்த படகில் தூரம் போகலாம், மீன் கெடுமுன் கரை சேரலாம், உடம்பு காய்ந்திருக்கும். இதைக் குறை சொல்கிறவன் ஒரு ராத்திரி கட்டுமரத்தில் போய்விட்டு வரட்டும்.

என் வழக்கு கட்டுமரத்துக்காக அல்ல. "எல்லோருக்கும் ஒரே மாதிரி" என்று நண்பர் சொன்னாரே, அந்த மூன்று வார்த்தைக்கு எதிராகத்தான்.

மணப்பாட்டிலிருந்து காரில் வடக்கே கொஞ்ச நேரம் போனால் தூத்துக்குடி. அங்கே கடல் வேறு. எதிரே வான் தீவு, காசுவார் தீவு, பவழப் பாறைகள் என்று இயற்கையே வேலி கட்டி அலையை அடக்கி வைத்திருக்கிறது. (அந்த வேலியில் விலாங்குச்சல்லி என்றும் ஒரு தீவு இருந்தது. பவழத்தை வெட்டி வெட்டி எடுத்து அதைக் கடலுக்கு அடியில் அனுப்பிவிட்டோம். அது வேறு கதை.) அந்த அடங்கிய தண்ணீரில் வள்ளம்தான் ராஜா. 1955 முதல் 1961 வரை அங்கே முத்துக்குளி நடந்தது, அதோடு நின்றது. சங்குகுளி தொடர்ந்தது. குளியாள் கீழே மூழ்கியிருக்கும்போது மேலே படகு நிலையாக நிற்க வேண்டும். கயிறு பிடிக்கிறவனுக்குக் காலூன்ற இடம் வேண்டும். எடுத்ததைக் குவிக்க இடம் வேண்டும். கட்டுமரத்தைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால் குளியாள் சிரிப்பான். அதே வள்ளத்தைக் கொண்டுவந்து அலை மடிந்து விழும் ஒரு திறந்த கரையில் இறக்கினால் கடல் சிரிக்கும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தூத்துக்குடித் தோணியோ இரண்டிலும் சேராத மூன்றாவது ஜாதி; அதற்குத் துறைமுகமே வேண்டும். ஒரே மாவட்டம், ஒரே மன்னார் வளைகுடா, மூன்று விதக் கலம்! சென்னை ராஜதானியில் மீன்வளத்துறை டைரக்டராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கரைக்குக் கரை கலம் மாறுகிறதே, ஏன் என்று கேட்கும் பொறுமை அவருக்கு இருந்தது. நமக்கு ஏன் இல்லை?

பொறுமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. 1952-இல் நார்வேயோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையை மையமாக வைத்து மீன்பிடிப்பை நவீனமாக்கப் புறப்பட்டோம். நோக்கம் உத்தமமானதுதான், சாதாரண மீனவன் முன்னுக்கு வர வேண்டும் என்பதுதான். ஆனால் இழுத்துக் கரையேற்ற முடியாத படகுக்குத் துறைமுகம் தேவைப்பட்டது. துறைமுகம் உள்ள இடத்தில் படகுகள் குவிந்தன. பிறகு ஏற்றுமதி இறால் வந்தது, இழுவை மடி வந்தது, முதலாளி வந்தார். கரையிலிருந்து மரம் தள்ளுகிறவன் நின்ற இடத்திலேயே நின்றான்; அவன் வலையை அறுத்துக்கொண்டு போக ஒரு விசைப்படகு வந்ததுதான் மிச்சம். கடைசியில் 1983-இல் தமிழ்நாட்டில் சட்டமே போட்டு, கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று கோடு கிழிக்க வேண்டியதாயிற்று. கடலில் கிழித்த கோடு எவ்வளவு நாள் நிற்கும் என்பதை மீனவனிடம் கேளுங்கள்.

கேட்டு வேலை செய்தவர்களும் உண்டு. குமரி மாவட்டத்து முட்டத்தில் பியேர் கில்லே என்ற பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் ஒருவர், அவரே பொறியாளர், ஒட்டுப்பலகையில் சிறு படகு கட்டும் பட்டறையில் உழைத்தார். கடற்கரையில் ஏற்ற முடிய வேண்டும், அலையைத் தாண்ட வேண்டும், மீனவனுக்குக் கட்டுப்படியாக வேண்டும். மூன்றும் சேர்ந்து அமைய எத்தனை முறை தோற்க வேண்டியிருந்தது என்பதை 1985-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். "சிறியது கடினம்" என்பது அதன் பெயர். அந்தப் பெயரை நம் திட்ட அலுவலகங்களின் வாசலில் எழுதி ஒட்டலாம்.

ஆனால் 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருந்தது? நாடு முழுவதும், உலகம் முழுவதும் இரக்கம் பொங்கியது. அந்த இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரக்கத்துக்கு அவசரம் அதிகம். தமிழ்நாட்டுக் கரைகளில் பல இடங்களில் தேவைக்கு மேல் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அவசரத்தில் கட்டிய சோனிப் படகுகளும் அவற்றில் இருந்தன. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் நாலு பேருக்கு ஒரு படகு என்று ஒரு புண்ணியவான் ஸ்தாபனம் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போயிற்று. நாலு பேருக்கும் நாலு விதத் தொழில். ஒருவர் தூண்டில்காரர், ஒருவர் வலைக்காரர். படகின் அடிப்பாகமோ துறைமுகத்தில் கட்டிப் போடுவதற்கென்று அமைந்தது. அந்த ஊரில் துறைமுகம் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து நான் போனபோது அது பனைமரத்தடியில் குப்புறக் கிடந்தது. கோழி அடைந்திருந்தது.

நால்வரில் மூத்தவரிடம், "ஏன், படகு நன்றாக இல்லையா?" என்று கேட்டேன்.

"படகு நல்லாத்தான் ஓடும், அண்ணாச்சி" என்றார். "கடலுக்குள்ள போயிட்டா ஒரு குறையும் சொல்ல முடியாது. கரைக்கு வரும்போதுதான் சண்டை. அலை தூக்கிப் போட்டா அடி பிளந்துருது. தூக்கி ஏத்த பத்துப் பேரு வேணும். நாங்க இருக்கது நாலு பேரு."

"இதை வாங்கும்போதே சொல்லக்கூடாதா?"

"யாரு கேட்டா, அண்ணாச்சி?"

கனடாவில் விளையாட்டுக்குப் போகிற பையன் மூன்று மாதம் தேடலாம். வாடகைக்கு எடுத்துச் சோதிக்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அதை நாம் அறிவு என்கிறோம். உயிரையும் அன்றாடச் சோற்றையும் கலத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கோ, அவன் கரையை ஒருநாளும் பார்த்திராத ஒருவர், மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரே பிற்பகலில் டெண்டர் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். அவன் தயங்கினால் "மாற்றத்தை விரும்பாத ஜனங்கள்" என்கிறோம். நம்முடைய தயக்கத்துக்குப் பெயர் ஆராய்ச்சி. அவனுடைய ஆராய்ச்சிக்குப் பெயர் தயக்கம்!

மானியமோ தானமோ, கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். கலத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கரைக்கு ஒன்றைக் கொண்டுவந்து கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு மாதம், வாடைக் காலத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொல்லட்டும். எந்த நீளம், எந்த அகலம், எந்த இயந்திரம் என்பதை ஓட்டியவன் சொல்லட்டும். எனக்கு மரமே போதும் என்று எவனாவது சொன்னால் அவனுக்கு மரம் வாங்கப் பணம் கொடுக்கட்டும். இது அப்படியொன்றும் தலைபோகிற புரட்சி அல்ல. செருப்பு வாங்கும்போது நாம் செய்கிற காரியம்தான்.

இதையெல்லாம் அன்று மாலையே நண்பரிடம் சொன்னேன். இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. கோபத்தில் எங்கே கோவை வரும்? அவர் கேட்டுக் கொண்டார். பதில் சொல்லவில்லை. பிறகு, ஆச்சரியமாக இருக்கிறது, தாமே எழுந்து அந்தப் பெரியவரிடம் போய்க் கைபேசிப் படத்தைக் காட்டி, பலகை பிரிவதையும் சேர்வதையும் விளக்கினார். பெரியவர் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உள்ள என்ன மரம், ஐயா?"

நண்பருக்கு இது தெரிந்திருந்தது. உள்ளே பாப்லர் போன்ற இலேசான மரம், மேலே ஃபைபர் பூச்சு என்றார்.

"மரந்தானா!" என்று பெரியவர் பேரனைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ, ஊறிச்சின்னா அவுத்துக் காயப் போடுவாங்களா?"

நண்பர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. மகனிடம் கேட்டுச் சொல்வதாக அவரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.