சிறு கருவிகளுக்கும் நினைவகக் காவல் வேண்டும்

இன்று கடையில் வாங்கும் புது லேப்டாப்பில்கூட, இன்டெல் பிராசஸர் கண்விழிப்பது 1978-இல் வந்த 8086-ஐப் போலத்தான். ரியல் மோட் என்பார்கள். அந்தக் கணத்தில் எந்த நிரலும் நினைவகத்தில் எங்கும் எழுதலாம். எந்தப் பகுதி யாருக்கு என்று அட்டவணை போட்டு, சிஆர்0 என்ற பதிவேட்டில் ஒரு பிட்டை 1 ஆக்கிய பிறகுதான் காவல் தொடங்குகிறது. 1982-இன் 80286 தந்த ஏற்பாடு இது. 1985-இல் 80386 நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்துக் காக்கும் முறையையும் சேர்த்தது.

கணினியில் இதையெல்லாம் தொடக்க நிரலும் இயங்குதளமும் பார்த்துக்கொள்கின்றன. என் கவலை சிறு கருவிகளைப் பற்றியது. சிரிஞ்ச் பம்ப், மின் மீட்டர் மாதிரியானவற்றின் மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ்-எம் சில்லுகளை இவற்றில் அடிக்கடி பார்க்கிறேன். எம்3, எம்4 வகைகளில் எம்பியு என்ற காவல் பகுதியை வைப்பதும் விடுவதும் சில்லு தயாரிப்பவர் விருப்பம். வைத்திருந்தாலும், மின்சாரம் வந்ததும் அது அணைந்தே இருக்கும். நிரல் எழுதுபவர்தான் இயக்க வேண்டும்.

இயக்காவிட்டால்? வெற்று பாயிண்டர் பூஜ்ய முகவரியைக் காட்டும். கணினியில் அதைப் படிக்கப்போன நிரல் அங்கேயே நிறுத்தப்படும்; பிழை வெளிப்பட்டுவிடும். கார்டெக்ஸ்-எம்மில் வழக்கமாக அந்த இடத்தில் ஸ்டாக்கின் தொடக்க முகவரி இருக்கும். நிரல் அதைப் படித்து, சரியான எண் என்று நம்பி, மேலே ஓடும். மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் கணக்கில்கூட அந்த எண் நுழையலாம். ஸ்டாக் வழிந்து பக்கத்து மாறிகளை அழித்தாலும் ஒரு சத்தமும் வராது.

எம்பியுவை ஏன் அணைத்தீர்கள் என்று ஒரு நிறுவனத்தில் கேட்டேன். "போட்டா டிவைஸ் ரீசெட் ஆகுது மேடம், அதான் எடுத்துட்டோம்" என்றார் இளம் பொறியாளர். ரீசெட் ஆனால் நிரலில் தவறு, இல்லையென்றால் பகுதி பிரித்ததில் தவறு. எதுவானாலும் தேடிப் பிடிக்க வேண்டியதுதான். வேலை கடினம், மறுக்கவில்லை. வழக்கமாக 8 பகுதிகள்தான் கிடைக்கும். அளவு 32 பைட்டில் தொடங்கி இரட்டித்தே போகும். தொடக்க முகவரியும் அந்த அளவின் மடங்காக வேண்டும். நினைவகத்தை முதலிலேயே இதற்கேற்பப் பிரித்தால் முடியும். டெலிவரிக்கு முந்தின வாரம் உட்கார்ந்தால் முடியாது.

மருத்துவமனைகளும் மின்வாரியங்களும் டெண்டரில் இதைக் கேட்க வேண்டும்: எம்பியு இயங்கும் நிலையில் எடுத்த சோதனை அறிக்கை. வேண்டுமென்றே பூஜ்ய முகவரியைப் படிக்க வைத்தால், கருவி பிழையை உணர்ந்து அலாரம் அடித்துப் பாதுகாப்பான நிலைக்குப் போகிறதா என்று அதில் இருக்க வேண்டும். போகாத கருவியை வாங்கக் கூடாது.