பட்டறைப் பாடம் யாருக்கு?



அண்மையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் தாயாருடன் என்னைக் காண வந்தாள். இப்போது படிவம் இரண்டில் பயில்கிறாள். கையில் ஒரு நெகிழிப்பெட்டி; துளையிட்ட மூடியில் கங்கோங் நாற்றுகள், கீழே நீரில் இரண்டு மீன்குஞ்சுகள். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்ற, அதைச் செடி உறிஞ்சி வளரும் ‘அக்குவாபோனிக்’ முறையின் சிறு மாதிரி அது. இது மூன்றாவது முயற்சியாம். முதலில் குழாய்நீரை ஊற்றிய கையோடு மீனை விட்டாள்; குளோரின் கொன்றுவிட்டது. அடுத்து, நுண்ணுயிர் பெருகுமுன் பத்து மீன்களை விட்டாள். அவையும் மாண்டன. இம்முறை காத்திருந்து இரண்டே இரண்டை விட்டிருக்கிறாள். அறிவியல் நூலில் நான்கு வரியில் கடந்துபோகும் நைட்ரஜன் சுழற்சியை அந்தப் பிள்ளை இனி மறப்பாளா?

தாயாரின் கவலையோ வேறு. “டீச்சர், இதுலயே ராத்திரி பூரா உக்காந்திருக்கா. இந்தப் பாடத்துல மார்க்கு வாங்கி என்னா ஆவப்போவுது? கணக்கப் படிக்கச் சொல்லுங்க டீச்சர்” என்றார்.

அவரை நான் குறை கூறமாட்டேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டியும் தொழிற்சாலையில் இரவுவேலை செய்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த சமுதாயம் நம்முடையது. கைவேலையிலிருந்து மீள்வதற்கே கல்வி என்று நம்பி வளர்ந்த நமக்கு, பள்ளியிலேயே பிள்ளை கருவியைத் தூக்கினால் மனம் பதைக்கத்தான் செய்யும். ஆயினும், ‘ரெக்கா பெந்தோக் டான் தெக்னோலோகி’ எனும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் வெறும் கைவேலை அன்று. சிக்கலைக் கண்டறிந்து, தீர்வுகளை வரைந்து பார்த்து, ஒன்றைத் தேர்ந்து செய்து, சோதித்து, குறை கண்டால் மாற்றுவதே அதன் உயிர்.

நான் 1993-இல் படிவம் ஒன்றில் சேர்ந்தபோது இப்பாடம் இல்லை. ‘கெமாஹிரான் ஹிடுப்’ எனும் வாழ்வியல் திறன் இருந்தது. அதில் விருப்பப்பகுதி என்று ஒன்று உண்டு. பெயர்தான் விருப்பப்பகுதி! என் பள்ளியில் ஆண்கள் கூடுதல் தொழில்திறனுக்கும் பெண்கள் குடும்பப் பொருளியலுக்கும் அனுப்பப்பட்டனர். எங்களை யாரும் கேட்கவில்லை. பட்டறையில் ஆண்பிள்ளைகள் மின்சுற்றுகளைப் பற்றாசு வைத்து இணைப்பதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே தையற்கூடத்திற்குப் போவேன். தையலை நான் இழிவாகக் கருதவில்லை, அதுவும் வடிவமைப்புதான். ஆனால், அந்தப் பற்றாசுக்கோலை ஒருமுறை பிடித்துப் பார்க்கும் ஆசை இன்றளவும் எனக்குண்டு. 2017-இல் இடைநிலைப்பள்ளிக்கு வந்த புதிய பாடத்தில் இந்தப் பிரிவினை இல்லை. இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல், உணவு, ஆடை என யாவற்றையும் ஆண், பெண் இருபாலரும் பயில்கின்றனர். என்னைப் பொறுத்தவரை இம்மாற்றமே பெரிது.

இனி நம் பக்கத்துக் குறைக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டுக்கு இப்பாடம் 2014-இலேயே வந்துவிட்டது. வாரத்தில் ஒரு மணி நேரம்தான். அதையும் யூ.பி.எஸ்.ஆர். நெருங்கும்போது கணிதத்திற்குக் கடன் வாங்கிக்கொண்டோம். நானும் வாங்கியவள்தான், திருப்பித் தந்ததில்லை. அத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பிறகும் கடன் வாங்கும் பழக்கம் முற்றாக ஒழியவில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். இப்படி வளர்ந்த பிள்ளை, படிவம் ஒன்றில் பட்டறைக்குள் நுழைந்ததும் ஒதுங்கி நிற்கிறது.

மொழியும் சேர்ந்து மிரட்டுகிறது. நம்மிடம் திருப்புளி என்று கற்றது அங்கே ‘பெமுத்தார் ஸ்குரு’, உப்புத்தாள் ‘கெர்தாஸ் பாசிர்’, ரம்பம் ‘கெர்காஜி’. பொருளை அறிந்த பிள்ளை பெயர் தெரியாமல் விழிக்கும்போது, அறியாத பிள்ளையாகவே கருதப்படுகிறது. ஆகவே, சில ஆண்டுகளாக என் வகுப்பில் ஒவ்வொரு கருவியின்மீதும் தமிழ், மலாய் இருபெயர்களையும் எழுதி ஒட்டி வைக்கிறேன். ஐந்து நிமிட வேலைதான். தமிழ்ச்சொல் போய்விடுமோ என்று ஒரு நண்பர் அஞ்சினார். கருவியோடு கற்ற சொல் அவ்வளவு எளிதில் போகாது, ஐயா.

ஜொகூரில் வாழும் நமக்கு இதன் பயன் கண்ணெதிரிலேயே இருக்கிறது. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளும் கூலாய் வட்டாரத்துத் தரவு மையங்களும் தொழில்நுட்பம் அறிந்தவரைத் தேடுகின்றன. ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கு 2025 சனவரியில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் போலிடெக்னிக் உண்டு. பாரிட் ராஜாவில், 1993-இல் போலிடெக்னிக் பணியாளர் பயிற்சி மையமாகத் தொடங்கி 2007-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் உண்டு. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலும் உயர்நிலை 1, 2 மாணவர் அனைவருக்கும் இப்பாடம் உண்டு. நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகும்போது யாரோடு போட்டியிடுவார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தாயாரிடம் நான் ஒன்று மட்டும் சொன்னேன். 2020 முதல் படிவம் நான்கில் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய பாகுபாடு இல்லை. பாடங்களைத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கலாம். ‘ரெக்கா சிப்தா’ எனும் புத்தாக்கமும், தொழில்நுட்ப வரைகலையும் அவற்றுள் அடங்கும். எல்லாப் பள்ளிகளிலும் கிடைக்காது. எனவே, படிவம் மூன்று முடியும் வரை காத்திராமல் இப்போதே பள்ளியில் சென்று விசாரியுங்கள் என்றேன். “அவங்க அப்பாகிட்ட கேட்டுப் பாக்குறேன் டீச்சர்” என்றார். மகளோ, பெட்டியிலுள்ள நீர் தளும்பாமல் மகிழுந்தில் எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.